கத்சுனுமாவில் சாப்பிட, நடக்க

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மதுரைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டது பயணக் கட்டுரை. "சார், நீங்க ஒயின் ஊர்லயே குடியிருக்கீங்க. உள்ளூர்க்காரங்க விரும்பிச் சாப்பிடுற கடை, காலாற நடக்குற மலைப்பாதை, அவ்வளவுதான். எண்ணூறு வார்த்தை, நாலு போட்டோ. டூரிஸ்ட் போற இடம் வேண்டாம் சார், அதெல்லாம் எங்க வாசகர்களே தேடிப் பாத்துக்குவாங்க."

எண்ணூறு வார்த்தை எனக்கு ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். நான் கம்பம்காரன். பந்தல் திராட்சைக்கு நடுவே பிறந்து, பந்தல் திராட்சையைப் பற்றிப் படிக்க ஜப்பானுக்கு வந்து, முப்பத்தாறு வருஷமாக இங்கேயும் பந்தலுக்கு அடியில்தான் இருக்கிறேன். மனைவி சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். கடைக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் மலைப்பாதை. கட்டுரைக்காக நான் வீட்டைவிட்டு வெளியே போகக்கூட வேண்டாம்.

எழுத உட்கார்ந்து பதினோரு நாள் ஆகிறது. உட்கார்ந்த மறுநாள் ஒரு தபால் அட்டை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அட்டையைப் பற்றி ஆறாவது பகுதியில் சொல்கிறேன். அதுவரை இது கட்டுரைதான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும்.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனியில் ஃபுஜி மலை கம்பீரமாக எழுந்து நிற்க—"

[வேண்டாம். கத்சுனுமாவிலிருந்து ஃபுஜி கம்பீரமாகவெல்லாம் தெரியாது. முன்னால் நிற்கும் மலைகளுக்குப் பின்னாலிருந்து மண்டையை மட்டும் நீட்டும், பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்க்கிறவர்கள் மாதிரி.]

இரண்டாம் தொடக்கம்: "கத்சுனுமாவில் ஒயினைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கேட்பவர் வெளியூர்க்காரர். இங்கே ஆளுயரத்தில் பாதி இருக்கும் சாக்கே எனும் அரிசி மது பாட்டிலில் ஒயினை அடைத்து வைத்து, தேநீர் குடிக்கிற மண் கோப்பையில் ஊற்றிக் குடிப்பார்கள்."

["ஆளுயரத்தில் பாதி" என்பது பொய். முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆனால் தொடக்கம் பரவாயில்லை, தொடர்கிறேன்.]

கொஃபு நகரத்துப் பக்கம் போனால் கத்சுதோன் கேட்டுப் பாருங்கள். டோக்கியோவில் இந்தப் பேருக்குச் சோற்றின் மேல் முட்டையில் வேகவைத்த பன்றி வறுவல் வரும். இங்கே முட்டைக்கோஸைத் தூவி அதன்மேல் மொறுமொறு வறுவலை அப்படியே வைத்து நீட்டுவார்கள். "முட்டை எங்கங்க?" என்று கேட்டால், "அதுக்கு வேற பேரு, அந்தப் பேரச் சொல்லில்ல கேக்கணும்" என்பார்கள். ஒரே சொல்லுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள், இந்தப் பக்கம் ஒரு பொருள்.

இந்த வாக்கியத்தை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பன்றி வறுவலைப் பற்றி எழுதினால்கூட அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

சரி, மலைப்பாதை. கடைக்குப் பின்னாலிருக்கும் கோவிலைத் தாண்டி ஏறினால் முதல் அரை மணி நேரம் தேவதாரு மரங்கள், இருட்டு. பிறகு முள்வேலிக் கதவு ஒன்று. காட்டுப்பன்றி வராமல் இருக்கப் போட்டது, திறந்தவர்கள் மறக்காமல் மூட வேண்டும். அதற்கு மேல் மரமே இல்லாத மொட்டை முகடு. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில் கிடக்கும். நவம்பரில் திராட்சைப் பந்தல்கள் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அரிசி உருண்டை தின்ன

[நாங்கள் மூன்று பேரும். இதோ, வந்துவிட்டது.]

3

மூன்று பேர்: நான், மசுமி, கசாமா.

நான் வைத்தியலிங்கம். இந்த ஊர் வாயில் 'ல' நுழையாது. 'ரின்கமு' ஆக்கி, பிறகு சோம்பல்பட்டு 'ரின்-சான்' ஆக்கிவிட்டார்கள். 1991இல் எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை.

மசுமிக்கு அப்போது இருபத்தேழு. அம்மாவோடு சேர்ந்து ஹோத்தோ கடை நடத்தினாள். கோதுமை மாவை அகலப் பட்டையாக வெட்டி, பூசணிக்காயோடு மிசோ என்ற சோயா விழுதில் கொதிக்கவைத்து இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பது ஹோத்தோ. இன்றைக்கும் அதே கடை, அதே சட்டி. இப்போது அவள் என் மனைவி.

கசாமா டோக்கியோக்காரர். நடைப்பயணிகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதுபவர். ஒயின் ஊரின் கடைகளும் பாதைகளும்தான் அவருக்கும் தலைப்பு. [ஆமாம், எனக்குக் கொடுத்த அதே தலைப்பு. நான் திட்டமிட்டு வைத்ததல்ல.] அந்த இலையுதிர் காலத்தில் ஞாயிறுதோறும் ரயிலில் வந்து இறங்குவார். வழி காட்டுகிறேன் என்று நானும் போவேன். மத்தியானக் கூட்டம் குறைவாக இருந்தால் மசுமியும் வருவாள்.

இந்தக் கசாமா என்ற பாத்திரம் எனக்குச் சரியாக அமையவே மாட்டேன் என்கிறது. முதல் பிரதியில் அவருக்குச் சொட்டைத் தலை வைத்தேன். அடுத்ததில் ஹோத்தோவைச் சத்தமாக உறிஞ்ச வைத்தேன். ஆனால் இங்கே எல்லோரும் அப்படித்தான் உறிஞ்சுவோம், அதில் ஒரு குற்றமும் இல்லை. மூன்றாவது பிரதியில் அவரைக் கஞ்சனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. உண்மையைச் சொன்னால் நல்ல முடி, நல்ல மனுஷன். முகட்டில் குளிர்ந்தால் தன் கழுத்துத் துண்டை என்னிடம்தான் கொடுப்பார். "ரின்-சான், நீங்க வெயில்ல வளர்ந்த உடம்பு" என்பார். கூடவே, "நீங்க ஏறுற வேகத்துக்கு உச்சியே இறங்கி வந்து உங்களப் பாத்துட்டுப் போயிடும்" என்று கிண்டலும் செய்வார்.

இறங்கிவந்து கடைக்குள் நுழைந்ததும் மசுமியின் நாக்கு இரண்டாகப் பிரியும்.

"ரின்-சான்! ஷூவத் தட்டாம உள்ள வர்றீகளே, பாதி மலை என் தரையில கெடக்கு! அங்கிட்டுப் போயி தட்டிட்டு வாங்க!" இது எனக்கு.

"கசாமா-சான், வாருங்கள். தேநீர் கொண்டுவரட்டுமா?" இது அவருக்கு.

* அவளுடைய வட்டாரப் பேச்சை எனக்குக் கம்பம் பக்கத்துத் தமிழில்தான் எழுத வருகிறது. அவள் கசாமாவிடம் பேசிய டோக்கியோ பாஷையை வானொலிச் செய்தித் தமிழில் எழுதியிருக்கிறேன். அவள் காதுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கும்.

என்னிடம் வீட்டுப் பேச்சு பேசுகிறாளே என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிரியம் உள்ள இடத்தில்தான் ஒருத்தி வார்த்தையைத் துடைத்துத் துடைத்து வைப்பாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று பேரும் ஒரே சட்டியிலிருந்து கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, மண் கோப்பையில் ஒயின் குடித்துக்கொண்டு, ஜன்னல் முழுக்க நீராவி படிய உட்கார்ந்திருந்த அந்த ஞாயிறுகளைப் போல என் வாழ்க்கையில் வேறு ஞாயிறுகள் இல்லை.

4

இனி ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். இலக்கணம் பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'போ' என்றால் போ. 'போகாதே' என்றால் வாலில் 'ஆதே' உட்கார்ந்திருக்கும், குழந்தைக்கும் புரிந்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் போகாதே என்பதற்கு 'இச்சோஷி' என்பார்கள். அதற்குள் 'கூடாது' இருப்பது இங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். மற்ற ஜப்பானியர் காதில் அது நேர் எதிராக விழும். 'போங்களேன், போய் வாங்க' என்று யாரோ பிரியமாகச் சொல்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்? பட்டுத் தெரிந்துகொண்டேன். தோட்டத்தில் என் முதல் நாள். பழுத்த குலைகளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அது கலைந்தால் பழத்துக்கு மதிப்பு போச்சு. நான் ஒரு குலையைத் தொட்டேன். பக்கத்துப் பந்தலிலிருந்து பெண்கள், "இஜிச்சோஷி! இஜிச்சோஷி!" என்று கத்தினார்கள். வகுப்பில் படித்த ஜப்பானிய மொழியை வைத்து, 'தொடுங்க, நல்லாத் தொடுங்க' என்று உற்சாகப்படுத்துகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். தலையாட்டிவிட்டு வரிசையாக நாற்பது குலைகளைப் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

"ஏய்யா இந்தியாக்காரரே! தொடாதீக தொடாதீகன்னு தொண்டை கிழியக் கத்துறோம், தடவித் தடவிப் பாக்குறீகளே! அது என்ன, ஒங்க அத்தை மக கன்னமா?"

அன்று முழுக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இந்த 'ச்சோஷி' விஷயத்தில் நான் ஏமாறியதே இல்லை.

5

[இந்தப் பகுதியை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஒரு பிரதியில் மழை பெய்தது. ஒரு பிரதியில் நான் அந்த நேரம் கடையிலேயே இல்லை. அன்று மழை பெய்யவில்லை. நான் கடையில்தான் இருந்தேன்.]

நவம்பர் கடைசி ஞாயிறு. சாப்பிட்டு முடித்ததும் கசாமா சொன்னார்: "புத்தக வேலை முடிஞ்சுது. அடுத்து வடக்கே ஹொக்கைதோ. ரெண்டு வருஷம் அங்கயே தங்கி எழுதச் சொல்றாங்க. இன்னும் சம்மதம் சொல்லல. நாளைக்குச் சொல்லணும்."

மசுமி அகப்பையோடு நின்றாள். அவர் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"மசுமி-சான், நீங்க சொல்லுங்க. நான் போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்றபடி செய்றேன்."

அவள் முகம் சிவந்துபோயிற்று. இத்தனை வாரம் துடைத்து வைத்த வானொலிப் பேச்சு அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அகப்பையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"இச்சோஷி."

கசாமாவின் முகம் வாடிவிட்டது. நான் பார்த்தேன். பிறகு அவர் சிரித்தார், இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். "சரி. அப்படியே செய்றேன்."

அவர் போனார். மசுமி நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. இருந்துவிடுவார் என்று நினைத்துவிட்டாள்.

ஜப்பானியருக்கு ஜப்பானிய மொழி புரியவில்லை. கம்பத்துக்காரனுக்குப் புரிந்தது. கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்ற ஒரே மொழிபெயர்ப்பாளன் நான்தான், வாயைத் திறக்கவில்லை.

கழுத்துத் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது. பந்தல்களுக்கு நடுவே இருபது நிமிஷ ஏற்றம். குறுக்கு வழியில் போனதில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவர் முதுகு தெரிந்தது. பந்தல் தாழ்வு, அடியில் குனிந்துதான் நிற்க வேண்டும். நிமிர்ந்து வெளியே வந்திருந்தால் அவர் என்னைப் பார்த்திருப்பார். ரயில் போகும்வரை நான் குனிந்தே நின்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் மூன்று கிண்ணம் எடுத்து வைத்தாள். இரண்டரை மணிக்குக் கடையைச் சாத்தும்போது மூன்றாவதைக் கழுவாமலே அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"ரின்-சான், நீங்க பக்கத்துலதான நின்னீக. நான் இச்சோஷின்னுதான சொன்னேன்?"

"ஆமா."

"அவரும் சரின்னுதான சொன்னாரு?"

"ஆமா."

இரண்டு பதிலும் உண்மை. ஒரு மாதம் கழித்து ஹொக்கைதோவிலிருந்து புத்தாண்டு வாழ்த்து வந்தது. இரண்டே வரி. அவள் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

* ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊருக்கு வந்த அந்நியன், டோக்கியோக்காரருக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுப்பதா என்று கூச்சப்பட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிவந்தேன். அது சாக்கு. அவள் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் காரணம். மூன்று வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

6

இப்போது தபால் அட்டை.

கசாமாவுக்கு அறுபத்தைந்து வயதாகிறதாம். புத்தகத்தைப் புதுப்பித்து எழுதுகிறாராம். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பாதையில் ஏறி இறங்கிவிட்டு எங்கள் கடையில் சாப்பிட ஆசையாம். கடைசி வரி மசுமிக்கு: "அன்று வாசலில் நீங்கள் கொடுத்த தைரியத்தில்தான் வடக்கே போனேன். நேரில் நன்றி சொல்ல வேண்டும்."

மசுமி அதை இரண்டு தடவை படித்தாள்.

"தைரியமா? நான் எங்க தைரியம் கொடுத்தேன்? கெஞ்சிக்கிட்டுல்ல நின்னேன்! சரின்னு தலைய ஆட்டிட்டுப் போன மனுஷன், இப்ப நக்கலா பண்றாரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாயிருச்சுல்ல, மறந்திருப்பாரு" என்றேன். முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு, யாரும் அவளை என்னிடமிருந்து கொண்டுபோக முடியாத வயதில், மறுபடியும் அதையே செய்தேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். நல்லபடியாகத்தானே குடும்பம் நடத்துகிறார்கள் என்பீர்கள். நடத்துகிறோம், சிரிப்புக்கும் சண்டைக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் புத்தாண்டு வாழ்த்தை அடுப்பில் போட்ட நாளிலிருந்து அவள் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அந்தச் சொல்லை அவள் வாயால் நான் மறுபடி கேட்டதும் இல்லை. எங்கள் மகள் மீனா ஒசாகாவில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, ரயில் கதவில் நின்றுகொண்டு அம்மா ஏதாவது சொல்வாளா என்று பார்த்தாள். மசுமி சொன்னது, "கதவு மூடப் போகுது, கைய எடு." வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. தடுத்தாலும் போகிறவர்கள் போய்விடுவார்கள் என்று அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கசாமா என்று அவள் நினைக்கிறாள்.

7

முடிவுகள்.

(அ) ஞாயிறு காலை நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள் அழுகிறாள், பிறகு மன்னிக்கிறாள். [மசுமியைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். காய்ந்த பூசணி வாங்கிவந்ததற்கே ஒரு வாரம் பேசாதவள்.]

(ஆ) கசாமா வருகிறார். அந்தச் சொல்லைப் பேச்சுவாக்கில் சொல்கிறார். கடையில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர்கள் இருவரும் புரிந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். [நல்ல காட்சி. எழுத ஆசைதான். அதைத் தாங்குவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.]

(இ) ஞாயிறு கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, அவளை வேறு மலைக்கு அழைத்துப் போகிறேன். கசாமா பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். [நேற்றுவரை இதுதான் திட்டம். "ஞாயித்துக்கிழமை மூடலாமா?" என்று கேட்டும் பார்த்தேன். "பயந்து ஒளியணுமா நான்? அவரு வரட்டும், பூசணி கூட ரெண்டு வாங்குங்க" என்றாள்.]

(ஈ) தமிழில் எழுதிவிடுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் படிக்க ஆள் இல்லை. மதுரையில் படித்து எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவளைத் தவிர. மனசும் லேசாகிவிடும், வீட்டிலும் ஒன்றும் நடக்காது.

(ஈ)யைத்தான் நீங்கள் இதுவரை படித்துக்கொண்டிருந்தீர்கள். அது எவ்வளவு கோழைத்தனம் என்று எனக்குத் தெரியாமலில்லை.

8

இன்று வியாழன், மத்தியானம் மூன்று மணி. கடை ஐந்துக்குத்தான் மறுபடி திறக்கும். மசுமி உலர்த்துவதற்காகச் சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு நாளா எழுதுறீக. அப்படி என்னத்த எழுதுறீக?"

"சொன்னேன்ல. கடை, மலைப்பாதை."

"வாசிங்களேன், கேப்போம். புரியலன்னா என்ன, ஒங்க பாஷை கொதிக்கிற சட்டி மாதிரி கேக்க நல்லாருக்கு."

வாசித்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, வாசிக்க வாசிக்கச் சுகமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்கிறேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் பகுதியில் சிரித்தாள். "கசாமாவா? அவரும் இருக்காரா உள்ள?" "அவரும் இங்க நடந்தவருதான" என்றேன். பழத்தோல் ஒரே நாடாவாக நீண்டு விழுந்துகொண்டிருந்தது.

பேர்களை எந்த மொழியில் எழுதினாலும் பேர்கள்தான் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். சொல்லும் அப்படித்தான். நான்காம் பகுதியில் 'இச்சோஷி' என்று வாசித்தபோது கத்தி ஒரு நொடி தயங்கியது. ஐந்தாம் பகுதியில் மசுமி என்ற பேர், கசாமா என்ற பேர், உடனே மறுபடி அந்தச் சொல். கத்தி நின்றுவிட்டது.

"அதுக்கு என்ன அர்த்தம்னு ஒங்க ஊர்க்காரங்களுக்கு எழுதியிருக்கீக?"

"போகாதேன்னு."

"அவ்வளவுதானா?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். அவள் பார்வை என்மேலேயே இருந்தது. பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, அந்தச் சொல்லை அவளே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை டோக்கியோக்காரர் உச்சரிப்பில் சொன்னாள். மூன்றாம் முறை உதடு மட்டும்தான் அசைந்தது.

கத்தியைப் பலகையில் வைத்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரின்-சான். அந்தப் பக்கத்த மறுபடி வாசிங்க. தமிழ்ல வேண்டாம்."

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இந்த வரிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை பேச வேண்டியதில்லையே. அவள் காத்திருக்கிறாள், அவசரப்படுத்தவில்லை. அவள் கைகள் மேஜைமேல் இருக்கின்றன.

ஆசிரியருக்கு: எண்ணூறு வார்த்தை தாண்டிவிட்டது, மன்னியுங்கள். படங்களை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாசகருக்கு: (அ), (ஆ), (இ) மூன்றும் உங்களிடமே இருக்கட்டும், எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னது. இனிமேல் சொல்லப்போவது அவள் மொழியில், அவளுக்கு மட்டும். அதை உங்களுக்கு மொழிபெயர்க்க மாட்டேன்.